மருத மரத்துக் கீறல்கள்

காட்டோரக் குளக்கரையில் ஒரு மருத மரம் இருந்தது. அந்த மரத்தில் பீலிவளவன் என்றொரு மயில் தன் கூட்டத்தோடு குடியிருந்தான்.

மயிலுக்குப் பறக்கத் தெரியாது என்று நினைப்பவர்கள் உண்டு. அவர்கள் மயிலைக் காலண்டரில் மட்டும் பார்த்தவர்கள். மயில் பகலெல்லாம் தரையில் நடக்கும். பொழுது சாய்ந்தால் உயரமான மரத்தில் ஏறிப் படுக்கும். ஒரே மூச்சில் போகாது. கிளைக்குக் கிளை தாவித் தாவிப் போகும்.

மருத மரத்திலும் அப்படி ஒரு வழி இருந்தது. எல்லாவற்றுக்கும் கீழே, கொடி சுற்றிய கொடிக்கிளை. அடுத்து, மரம் இரண்டாகப் பிரியும் கவட்டை. அதற்கு மேலே, கிளிகள் குடியிருந்து காலி செய்த பொந்துக்கிளை. அது குளத்தின்மேல் நீண்டிருந்தது. கொடிக்கிளையிலிருந்து பொந்துக்கிளை வரை மரம் நல்ல சாய்வு, ஆடுகூட ஏறிவிடும். அதற்கப்புறம் செங்குத்து. சிறகு உள்ளவர்கள்தான் தேனடைக்கிளைக்குத் தாவ முடியும். தேனீக்கள் எப்போதோ அங்கே கூடு கட்டியிருந்தன. பெயர் மட்டும் தங்கிவிட்டது. அதையும் தாண்டினால் உச்சிக்கிளை. கூட்டம் முழுவதும் தூங்குவது அங்கேதான்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த ஆண்டு ஆடிக் காற்றில் பீலிவளவன் பறக்கவில்லை, தேனடைக்கிளையிலிருந்து விழுந்தான். ஒரு புதர் தாங்கிக்கொண்டது. கால் சுளுக்கியது, மானம் அதைவிட மோசமாகச் சுளுக்கியது. கால் சீக்கிரமே சரியாகிவிட்டது.

மறுநாள் காலை நலம் விசாரிக்க ஒருவன் வந்தான். அவன் ஒரு நரி. பெயர் அறவாழி. நரிக்கு யார் இந்தப் பெயரை வைத்தார்கள் என்று கேட்காதீர்கள். பெயர் வைக்கும்போது யாருக்கும் பல் முளைத்திருப்பதில்லை.

"அடி பலமா தம்பி?" என்று கேட்டான் அறவாழி.

"கால் மட்டும் லேசாக வலிக்கிறது அண்ணே."

"காலை விடு. உள்ளே ஒரு நடுக்கம் இருக்குமே?"

பீலிவளவன் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை. இப்போது கவனித்தான். இருந்தது.

"இருக்கிறது அண்ணே."

"இருக்கத்தானே செய்யும்! உடம்பு உனக்குச் சொல்லும் எச்சரிக்கை அது. அது நிற்கும்வரை தேனடைக்கிளைப் பக்கம் போகாதே. பொந்துக்கிளைக்கு என்ன குறை? காற்றோட்டம், குளத்துக் காட்சி... எனக்கு ஏறத் தெரிந்தால் நானே அங்கே படுத்துக்கொள்வேன்."

அன்று பீலிவளவன் பொந்துக்கிளையில் தூங்கினான். நடுக்கம் நிற்கவில்லை. அதைத் தினமும் காலையில் எழுந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி நிற்கும்?

அடுத்த தடவை அறவாழி இன்னொரு நல்ல செய்தி கொண்டுவந்தான். ஓடைக்கு அப்பால் கொல்லையில் கடலை பிடுங்கிவிட்டார்கள். விடுபட்ட கடலை மண்ணோடு கிடக்கிறது. காவல் இல்லை. "தின்று தேறு தம்பி. விழுந்த உடம்பு."

பீலிவளவன் தின்றான். தேறினான். தேவைக்கு மேலும் தேறினான். வயிறு கனக்கிறது என்று கவட்டைக்கு இறங்கினான். பிறகு தோகை கனக்கிறது என்று கொடிக்கிளைக்கே வந்துவிட்டான். ஒவ்வொரு தடவை இறங்கும்போதும் அறவாழி கீழிருந்து தலையாட்டினான்.

"தன் உடல்வாகு அறிந்தவனே அறிவாளி," என்றான். "மயில் குளிரில் நடுங்குகிறதே என்று ஓர் அரசன் தன் போர்வையையே எடுத்துக் கொடுத்தான், கேள்விப்பட்டிருப்பாய். உங்கள் இனம் உயரத்துக் காற்றைத் தாங்காது என்பதற்கு அதைவிட என்ன சான்று வேண்டும்?"

போர்வை பெற்ற அந்த மயில் அப்போது ஆடிக்கொண்டிருந்தது, நடுங்கவில்லை என்று சொல்வோரும் உண்டு. பீலிவளவனுக்கு அது தோன்றவில்லை. தன் பலவீனத்துக்கு அரசாங்க முத்திரையே கிடைத்துவிட்டதில் அவனுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பக்கத்து நாவல் மரத்தில் மையாள் என்ற கரிச்சான் குருவி கூடு கட்டியிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் உடம்பு. அதை வைத்துக்கொண்டு அவள் பருந்தைத் துரத்துவாள். துரத்த முடியுமா என்று முன்கூட்டி யாரிடமும் யோசனை கேட்டதில்லை.

"என்ன மாமா, இன்றைக்குக் கொடிக்கிளையா?" என்றாள் அவள். "அடுத்தது வேர்தான் பாக்கி. அதற்கும் கீழே போகணும் என்றால் எலியிடம் சொல்லி வளை பார்க்கலாம்."

"தோகை கனம், மையாள். உனக்கு இருப்பது இரண்டு குச்சி வால். கனம் என்றால் என்னவென்று உனக்கு எப்படித் தெரியும்?"

"உச்சியில் உங்கள் சித்தப்பா தூங்குகிறாரே, அவர் தோகையைக் கழற்றி வைத்துவிட்டா ஏறுகிறார்?"

இது உறைத்தது. சித்தப்பாவோடு ஒப்பிட்டால் யாருக்கும் உறைக்கும்.

மறுநாளிலிருந்து பீலிவளவன் குளத்தைச் சுற்றி ஓடினான். முதலில் பாதிச் சுற்றிலேயே மூச்சு வாங்கியது. கடலையை விட்டுவிட்டுப் பூச்சி பொறுக்கினான். கொடிக்கிளைக்கும் கவட்டைக்குமாக ஏறி இறங்கினான். கொஞ்ச நாளில் கால் சொன்னபடி கேட்டது, சிறகும் கேட்டது. ஒரு நாள் மூச்சிரைக்காமல் பொந்துக்கிளைக்கு வந்துவிட்டான். நிமிர்ந்து தேனடைக்கிளையைப் பார்த்தான்.

முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

நடுக்கம் நிற்கட்டும் என்று காத்திருந்தான். இருட்டியது. நடுக்கம் நிற்கவில்லை. இறங்கிவிட்டான். பொந்துக்கிளையிலாவது படுத்திருக்கலாம். ஆனால் வெட்கத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒரு படி தவறினால் எல்லாப் படியையும் இறங்க வைத்துவிடும். பழையபடி கொடிக்கிளைக்கே வந்து சேர்ந்தான்.

மையாள் இப்போது கேலியை விட்டுவிட்டு ஊக்கம் கொடுத்தாள். "உங்களால் முடியும் மாமா, முடியும், முடியும்" என்று விடியலில் தொடங்கிக் கூடு அடையும் வரை கத்தினாள். பலன் இல்லை. 'உன்னால் முடியாது' என்று ஒருவர் ஒரு தடவை சொன்னால் போதும். 'உன்னால் முடியும்' என்று எத்தனை தடவை சொன்னாலும் போதாது. மனசு கணக்குப் போடும் முறை அப்படி.

இதற்கிடையில் தோகை உதிரும் பருவம் வந்தது. ஆண்மயில்களுக்கு ஆண்டுதோறும் நடப்பதுதான். பீலிவளவனின் பீலிகளும் ஒவ்வொன்றாக உதிர்ந்து குளக்கரையெல்லாம் கண்ணாகக் கிடந்தன. கனக்கிறது என்று சொல்ல இனித் தோகை இல்லை. சாக்கு நடுத்தெருவில் நின்றது.

அறவாழி ஓடிவந்தான். "ஐயோ தம்பி, இப்போதுதான் பெரிய ஆபத்து!"

"ஏன் அண்ணே? கனம் குறைந்துவிட்டதே?"

"கனம் குறைந்தது சரி. தாவும்போது உடம்பைச் சாயாமல் பிடிப்பது எது? தோகை! அது இல்லாமல் ஏறினால் குப்புற விழுவாய்."

"அப்படியானால் எப்போதுதான் ஏறுவது?"

"தோகை முளைக்கட்டும்."

"முளைத்தால் கனக்குமே?"

"அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்."

இந்த வாதத்தில் எங்கேயோ ஒரு கல் இடறுவதுபோல் பீலிவளவனுக்குத் தோன்றியது. ஆனால் வாதம் இதமாக இருந்தது. இதமான வாதத்தை யாரும் இரண்டாம் முறை உரசிப் பார்ப்பதில்லை.

அடுத்த நாள் காலை, மரத்தடியில் பூச்சி பொறுக்கும்போது, அவன் ஒன்றைக் கண்டான்.

மருத மரத்தின் பட்டை வெளிறியது, வழுவழுப்பானது. சின்னக் கோடு விழுந்தாலும் தெரியும். அந்தப் பட்டையில் நகக் கீறல்கள் இருந்தன. அடிமரத்தில் இருந்தவை பழையவை, காய்ந்து கறுத்திருந்தன. அவற்றுக்கு மேலே இருந்தவை கொஞ்சம் புதியவை. இன்னும் மேலே, இன்னும் புதியவை. எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று, ஈரம்கூடக் காயாமல். அது கொடிக்கிளைக்கு ஒரு சாண் கீழே இருந்தது. ஒவ்வொரு கீறலும் மேலே அழுத்தமாகத் தொடங்கி, நீளமாகக் கீழே இழுபட்டிருந்தது.

யாரோ இந்த மரத்தில் ஏறப் பழகுகிறார்கள். யாராக இருக்கும்? பீலிவளவனுக்குப் புரியவில்லை. அண்ணனைக் கேட்டால் தெரியும் என்று நினைத்தான்.

பொழுது சாய்ந்தது. பீலிவளவன் கொடிக்கிளையில் உட்கார்ந்திருந்தான். அறவாழி வழக்கம்போல் வந்து மரத்தடியில் அமர்ந்தான்.

"அண்ணே, ஒரு சந்தேகம். பழக்கமில்லாத ஒருவன் உயரம் தாவிப் பழகினால், முடியுமா?"

"முடியவே முடியாது தம்பி. பிறவியில் இல்லாதது பழகி வருமா? வீண் வேலை. உடம்புதான் கெடும்." சொல்லிக்கொண்டே அறவாழி முன்காலால் காதைச் சொறிந்தான்.

நகத்திலிருந்து வெளிறிய மருதப் பட்டைத் தூள் உதிர்ந்தது.

பீலிவளவன் அந்தத் தூளைப் பார்த்தான். பிறகு அறவாழியைப் பார்த்தான். முதல் தடவையாக நன்றாகப் பார்த்தான். ஒட்டிய வயிறு, முறுக்கேறிய பின்னங்கால், உரம் பாய்ந்த தோள். இந்தக் காட்டிலேயே கட்டுடம்பு இவனுக்குத்தான். நான் ஒவ்வொரு கிளையாக இறங்கிக்கொண்டிருந்தேன். இவன் ஒவ்வொரு சாணாக ஏறிக்கொண்டிருந்தான். சந்திக்கும் இடம் இந்தக் கிளை.

"அண்ணே, அந்தக் கீறலெல்லாம்..."

கேள்வி முடிவதற்குள் அறவாழி தாவினான்.

முன்கால்கள் கொடிக்கிளையைப் பிடித்தன. பீலிவளவன் அலறிக்கொண்டு கவட்டைக்குப் பாய்ந்தான். நரி கிளைமேல் உடம்பை இழுத்துப் போட்டுக்கொண்டு, சாய்வில் ஏறி வந்தான். மயில் பொந்துக்கிளைக்குத் தாவினான். நரி கவட்டைக்கு வந்தான்.

"மாமா, மேலே!" என்று நாவல் மரத்திலிருந்து மையாள் கத்தினாள்.

மேலே தேனடைக்கிளை. முழங்கால் நடுங்கத் தொடங்கியது.

அறவாழி அவசரப்படவில்லை. "போகமாட்டாய் தம்பி," என்றான் அன்பாக. "அது நீ விழுந்த கிளை. பார், கால் நடுங்குகிறது. நடுக்கம் நிற்கட்டும். நானும் காத்திருக்கிறேன்."

பீலிவளவன் தன் காலைப் பார்த்தான். உண்மைதான், நடுங்கியது. அப்போதுதான் அவனுக்கு அந்தக் கீறல்களின் நீளம் ஞாபகம் வந்தது. ஏறிப் போனவன் கீறல் அப்படிக் கீழே இழுபட்டிருக்காது. அது வழுக்கி விழுந்தவன் கீறல். ஒவ்வொரு கீறலும் ஒரு விழுதல். மரமேறப் பிறக்காத ஒரு நரி இத்தனை தடவை விழுந்து, மறுநாளும் வந்து, முந்தின கீறலுக்கு மேலே நகத்தைப் பதித்திருக்கிறான். நான் விழுந்தது ஒரே தடவை, அதுவும் சிறகை வைத்துக்கொண்டு!

பயத்தைவிட இப்போது வெட்கம் பெரிதாக இருந்தது. இந்த வெட்கம் இறக்கிவிடுகிற வகை அல்ல.

நரி பொந்துக்கிளையில் கால் வைத்தான். பீலிவளவன் நடுங்கிக்கொண்டே சிறகை விரித்தான், நடுங்கிக்கொண்டே தாவினான். தேனடைக்கிளை காலில் தட்டியது. ஒரு கணம் முன்னே சாய்ந்தான், பின்னே சாய்ந்தான், நகம் ஊன்றி நின்றான். தோகை இல்லாமலும் குப்புற விழவில்லை. அங்கிருந்து உச்சிக்கிளைக்கு எப்படிப் போனான் என்று அவனுக்கே தெரியாது.

"யாரது? இடித்துக்கொண்டு வருவது?" என்றார் சித்தப்பா, கண் திறக்காமல்.

"நான்தான் சித்தப்பா."

"தள்ளிப் படு."

இதைவிட நல்ல வரவேற்பைப் பீலிவளவன் வாழ்நாளில் பெற்றதில்லை.

விடிந்தது. அறவாழி இன்னும் பொந்துக்கிளையில்தான் இருந்தான். நான்கு காலாலும் கிளையைக் கட்டிப் பிடித்திருந்தான். ஏறுவதை அவன் நன்றாகப் பழகியிருந்தான். இறங்குவதை இதுவரை விழுந்தே செய்திருந்தான். இவ்வளவு உயரத்திலிருந்து அந்த முறை அவனுக்குப் பிடிக்கவில்லை.

"என்ன நரியாரே, காற்றோட்டம் எப்படி?" என்றாள் மையாள். "குளத்துக் காட்சி நன்றாக இருக்கிறதா?"

அறவாழி அவளைப் பார்க்கவில்லை. மேலே பார்த்தான். "தம்பி, ஏதாவது வழி சொல். உள்ளே ஒரே நடுக்கமாக இருக்கிறது."

பீலிவளவனுக்குக் கோபம் வரவில்லை. தன்னை மேலே ஏற்றியது மையாளின் ஊக்கமோ சித்தப்பாவின் தோகையோ அல்ல. இந்த நரியின் கீறல்தான். குருவுக்குக் காணிக்கை செலுத்துவதுபோல் மனமாரச் சொன்னான்:

"அது நிற்காது அண்ணே. அதோடுதான் குதிக்கணும். கீழே தண்ணீர்தான்."

அறவாழி யோசித்தான். யோசித்து முடிப்பதற்குள் மையாள் பறந்துவந்து அவன் வாலில் ஒரு கொத்து கொத்தினாள். குளத்தில் பெரிய சத்தம் கேட்டது. தவளைகள் நாலாபுறமும் சிதறின. நரி நீந்திக் கரையேறி, உடம்பைக்கூட உதறாமல், ஓடை தாண்டிப் போனான். பிறகு அந்தப் பக்கம் யாருக்கும் நலம் விசாரிக்க வரவில்லை.

பீலிவளவன் இன்றும் மாலைதோறும் உச்சிக்கிளைக்குப் போகிறான். தேனடைக்கிளைக்குக் கீழே வந்ததும் இன்றும் அவன் முழங்கால் நடுங்குகிறது. அவன் அதைப் பழைய அறிமுகம்போல் ஒரு தலையசைப்போடு கடந்து, தாவிவிடுகிறான்.

நடுக்கம் நின்றபின் தாவலாம் என்று காத்திருப்பவனுக்குக் கீழ்க்கிளையும் மிஞ்சாது; நடுக்கத்தோடு தாவுகிறவனுக்கே மேல்கிளை.