நரி அழைத்து வந்த நிக்கோலஸ்

ஜெர்மனி நாட்டில், மலையடிவாரத்தில் ஒரு பைன் காடு இருந்தது. அந்தக் காட்டுக்கு ஒரு காகம் புதுச் செய்தி கொண்டு வந்தது. பக்கத்து ஊரின் கூரைகளில் உட்கார்ந்து பகல் முழுக்க வேடிக்கை பார்ப்பதுதான் அதற்கு வேலை.

டிசம்பர் ஐந்தாம் தேதி சாயங்காலம் ஊர்ப் பிள்ளைகள் தங்கள் காலணியைப் பளபளவென்று துடைத்து வாசலில் வைக்கிறார்களாம். நிக்கோலஸ் என்ற வெள்ளைத் தாடிப் பெரியவர் கழுதையோடு வருவாராம். கழுதை தின்ன அந்தக் காலணிக்குள் கொஞ்சம் வைக்கோலும் கேரட்டும் வைக்க வேண்டுமாம். விடிந்து பார்த்தால் அதற்குப் பதில் ஆப்பிளும் வால்நட்டும் தேன் ரொட்டியும் இருக்குமாம். கெட்ட பிள்ளையின் காலணியில் மட்டும் அடி கொடுக்க ஒரு பிர்ச் மரக் குச்சி கிடக்கும். அதை வைப்பது பெரியவரின் வேலைக்காரன், முகமெல்லாம் கரி பூசிய ருப்ரெக்ட்.

"போன வருஷம் என் கண்ணால பார்த்தேன்," என்றது காகம். பொய் இல்லை. சாயங்காலம் வைத்ததையும் பார்த்தது, காலையில் எடுத்ததையும் பார்த்தது. நடுவில் நடந்ததைத்தான் பார்க்கவில்லை. இருட்டினால் காகம் தூங்கிவிடும்.

நரி தூங்காது. கோழி தேடி ஊருக்குள் போகும்போது அது ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தது. வருவது நிக்கோலஸ் இல்லை. வீட்டில் இருக்கும் அப்பாதான் சத்தம் போடாமல் நடந்து வந்து, கேரட்டை எடுத்துக்கொண்டு ஆப்பிளை வைப்பார். குச்சி கிடைத்த பிள்ளை அழுதால், மத்தியானத்துக்குள் அம்மா மடியில் போட்டுக்கொண்டு ஒரு தேன் ரொட்டியும் கொடுத்துவிடுவாள். இது காட்டில் நரிக்கு மட்டும்தான் தெரியும். அது வாயைத் திறக்கவில்லை.

நரிக்கு அந்தக் காட்டில் ஒரே ஒரு வருத்தம். பனிக்காலம் வந்தால் அணில்களும் எலிகளும் சேர்த்து வைத்ததைத் தின்றுகொண்டு பொந்துக்குள்ளேயே இருந்துவிடும். வெளியே தலை காட்டாது. நரி வயிற்றைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும்.

மறுநாள் நரி எல்லாரையும் கூப்பிட்டது. வழியில் நிக்கோலஸைப் பார்த்ததாகச் சொன்னது. காட்டுப் பிள்ளைகளை இத்தனை காலம் மறந்துவிட்டேனே என்று அவர் கண் கலங்கினாராம். இந்த வருஷம் கட்டாயம் வருவாராம்.

"ஆனா பாவம், அந்தக் கழுதை ஊரெல்லாம் சுத்திட்டு, பனியில நடந்து இவ்வளவு தூரம் வரணும்," என்றது நரி. "ஒரு பிடி வைக்கோல் எப்படிப் போதும்? பெத்தவங்களுக்கு மனசு இருந்தா கொட்டை, தானியம் எல்லாம் தாராளமா வைங்க. மரத்தடியில வைங்க, கழுதை மரம் ஏறாது. யாரும் எட்டிப் பார்க்காதீங்க. பார்த்தா அவர் அப்படியே திரும்பிடுவார்."

பைன் மரத்துப் பொந்தில் ஒரு தாய் அணில் இருந்தது. அதற்கு ரேசி என்று ஒரே மகள். ரேசி சொன்ன பேச்சைக் கேட்கும், கிடைத்ததைப் பகிர்ந்து தின்னும். அப்படிப்பட்ட குட்டிக்கு ஆப்பிள் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும்? தாய் அணில் பிர்ச் பட்டையைச் சுருட்டி ஒரு காலணி செய்தது. பக்கத்தில் தன் கொட்டைச் சேமிப்பை ஏறக்குறைய முழுசாகவே குவித்தது. கஞ்சத்தனம் பண்ணி மகளின் பெயரைக் கெடுத்துக்கொள்ள அதற்கு மனம் வரவில்லை. அதே மரத்தின் வேருக்குள் இருந்த எலியம்மாவும் தன் தானியத்தை எல்லாம் கொண்டு வந்து வைத்தது. காடு முழுக்க இதே கதைதான்.

டிசம்பர் ஐந்தாம் தேதி இருட்டியதும் நரி வந்தது. கொட்டை அதற்கு எதற்கு? எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போய் ஓடையில் தள்ளியது. பிறகு ஒவ்வொரு காலணியிலும் ஒரு பிர்ச் குச்சியைப் போட்டுவிட்டுப் போனது.

விடிந்ததும் ரேசிதான் முதலில் இறங்கி ஓடியது. குச்சியை வாயில் கவ்விக்கொண்டு மெதுவாகத் திரும்பி வந்தது.

தாய் அணில் அந்தக் குச்சியை வாங்கிப் பார்த்தது. தன் மகளை அதற்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் அது குச்சியைத்தான் நம்பியது.

"என்ன தப்பு பண்ணினே? மறைக்காம சொல்லு."

"ஒண்ணும் பண்ணலைம்மா."

"ஒண்ணும் பண்ணாமலா அவர் குச்சி வைப்பார்?"

ரேசி ரொம்ப நேரம் யோசித்தது. கடைசியில், செய்யாத தப்பு ஒன்றைச் செய்ததாகச் சொன்னது. எலிக் குட்டியின் தானியத்தைத் திருடித் தின்றேன் என்றது. தாய் அதை நம்பி, அந்தக் குச்சியாலேயே மகளை அடித்தது.

அப்போது கீழேயிருந்து எலியம்மா குரல் கொடுத்தது. "என்ன அணிலக்கா, ரேசிக்கு என்ன கிடைச்சுது?"

தாய் அணில் குச்சியை அவசரமாகப் பொந்தில் விரித்திருந்த பாசிக்கு அடியில் செருகியது. "ஆப்பிள். வால்நட்டும்தான். உன் பிள்ளைங்களுக்கு?"

"எங்களுக்கும் ஆப்பிள்தான்," என்றது எலியம்மா.

காடு முழுக்க அன்று எல்லார் வீட்டிலும் ஆப்பிள்தான். காகம் ஒவ்வொரு மரமாகப் போய் விசாரித்துவிட்டு, நான் சொன்னது பலித்தது பார்த்தீர்களா என்று பெருமை அடித்துக்கொண்டது.

பனி இறுகியது. மிச்சம் இருந்த கொட்டைகளைத் தாய் அணில் பாதி பாதியாகக் கடித்துக் கொடுத்தது. ரேசி தன் பங்கைத் தொடவில்லை. கெட்ட பிள்ளைக்குச் சாப்பாடு எதற்கு என்று அது நினைத்தது. அம்மாவுக்கு நிறைய கொட்டை கொண்டு வந்து கொடுத்தால், அடுத்த வருஷமாவது நல்ல பிள்ளை ஆகிவிடலாம் என்றும் நினைத்தது.

ஒரு காலையில் அம்மா கண் அசந்த நேரத்தில் ரேசி கீழே இறங்கியது. பனியைத் தோண்ட ஆரம்பித்தது. புதருக்குப் பின்னால் நரி காத்திருந்தது. அதிக நேரம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

தாய் அணில் தேடிக்கொண்டு இறங்கி வந்தபோது பனியில் நரியின் காலடித் தடமும் ரேசியின் செம்பட்டை ரோமம் கொஞ்சமும்தான் இருந்தன. அது அப்படியே எலி வளையின் வாசலில் விழுந்தது. உள்ளே சத்தமே இல்லை. எலியம்மா மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது. பசி தாங்காமல் வெளியே போன அதன் குட்டிகளும் திரும்பி வரவில்லை.

எலியம்மா படுக்கைக்கு அடியிலிருந்து ஒரு பிர்ச் குச்சியை எடுத்து முன்னால் போட்டது.

தாய் அணில் அதையே பார்த்தது. "ஆப்பிள் கிடைச்சுதுன்னு சொன்னியே?"

"நீயும்தானே சொன்னே, அக்கா."

குச்சி கிடைத்த அன்று காலையே ஒருத்தி உண்மையைச் சொல்லியிருந்தால் போதும். மற்றவர்களும் குச்சியை எடுத்துக் காட்டியிருப்பார்கள், நரியின் வேலை என்று மத்தியானத்துக்குள் தெரிந்திருக்கும். பிள்ளைகளையாவது பொந்துக்குள் காப்பாற்றி, இருக்கிறதைப் பகிர்ந்து தின்று பிழைத்திருப்பார்கள். இருவரும் அதைப் பேசிப் பேசி அழுதார்கள். அப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் அழுதார்கள். பக்கத்து மரத்துக்குக் கேட்டுவிட்டால் என்ன நினைப்பார்கள்?

அடுத்த டிசம்பரில் நரி மறுபடியும் எல்லாரையும் கூப்பிட்டது. கழுதை போன வருஷத்தைவிட இளைத்துவிட்டதாம்.

ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், ஏமாற்றுகிறவனுக்கு எந்தப் பனிக்காலத்திலும் பட்டினி இல்லை.