உப்புப் போட்டவர்

"எங்கப்பாவைச் சுடுகாட்டுக்கு எடுத்தப்போ நான் இங்க சுரங்கத்துல இருந்தேன் சார்," என்றாள் திலகேஸ்வரி.

பேராசிரியர் சவரிராயன் தலையாட்டினார்.

யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு துகளைத் தேடி, அந்தப் பழைய சுரங்கத்துக்குள் பாதி ஆயுளைக் கழித்த மனிதர் அவர். அவள் அவரிடம் ஆராய்ச்சி கற்றவள். குழுவில் அவருக்கு அடுத்த இடம் இப்போது அவளுடையது.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம். கருவியில் பதிவாகும் தடங்களுக்குள் தலைவர் சில பொய்த் தடங்களையும் யாருக்கும் தெரியாமல் கலந்துவிடுவார். எல்லோரும் விழிப்பாக இருக்கிறார்களா என்று பார்க்கத்தான். அதற்கு உப்புப் போடுவது என்று பெயர். ஆராய்ந்து, முடிவை எழுதிக் கொடுத்த பிறகுதான் எது உப்பு என்று சொல்வார். அதற்கு முன்னால் மூச்சு விட்டால் போச்சு, அத்தனை பேர் உழைப்பும் குப்பை.

இந்த முறை, தேடிய துகளுடையது போலவே நாலு தடங்கள் திலகேஸ்வரியின் கண்ணில் பட்டன. சோறு தண்ணி மறந்து உட்கார்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் தென்காசியிலிருந்து போன் வந்தது.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலையாம், போகட்டுமா இருக்கட்டுமான்னு உங்ககிட்ட வந்து கேட்டேன். என்ன சொன்னீங்க?"

"உன் இஷ்டம்னேன்."

"இருந்துட்டேன். இன்னிக்குக் காலையில எல்லார் முன்னாடியும் சொல்றீங்க, நாலும் உப்புன்னு."

"ஆமாம்."

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்."

"போட்டவனே நான்தானேம்மா."

பாவி மனுஷன், வருத்தமாக இருக்கிறது என்று ஒரு பேச்சுக்காவது சொல்லக் கூடாதா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பொய்யின்னு சொல்ல வேணாம் சார். ரகசியம் உங்களோடயே இருக்கட்டும். போயிட்டு வாம்மான்னு சொல்றதுக்கு என்ன? வாய்ல கொழுக்கட்டையா?"

சவரிராயன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்த நாலும் நெஜமா இருந்திருந்தா, உன்னைப் போன்னு சொல்லியிருப்பேனா?"

அவரை அவளுக்குப் பல வருஷமாகத் தெரியும்.

"மாட்டீங்க."

"போன்னு நான் சொன்ன அடுத்த நிமிஷமே, அந்த நாலும் பொய்யின்னு உனக்குத் தெரிஞ்சிருக்கும்."