வெறும் தொட்டிக்குத் தீனி

“மீன் வேணும், தாயி. ஏழு” என்றார் லூர்தையா.

வளர்ப்பு மீன் கடை கிளாடிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். அவருக்கு அறுபத்தாறு வயது, அவளுக்கு முப்பது. ஆனாலும் தூத்துக்குடியில் கடல்மீன் தொட்டி வைக்கிற யாரும் அவளிடம்தான் பாடம் கேட்க வேண்டும்.

“போன வாரம் வாங்கின ஏழு?”

“ரெண்டே நாள்ல செத்துப்போச்சு. அவ கண்ணு முன்னாலயே.”

அவள் என்றது அவர் மனைவி ரெஜினாவை. படுத்த படுக்கை. ஒரு மாதம் தாங்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கட்டிலுக்கு எதிரே மீன் நீந்தினால் போதும், அவள் கேட்டது அவ்வளவுதான்.

“புதுத் தண்ணியில மீனை விட்டா, அது கழிக்கிறதே அதுக்கு விஷம். அதைத் தின்னுறவங்க முதல்ல குடிவரணும். நாப்பது நாள் ஆகும்.”

“அவளுக்கு நாப்பது நாள் இல்ல.”

கிளாடிஸ் கடையின் பழைய தொட்டியிலிருந்து பாசி பிடித்த கல் ஒன்றை எடுத்து ஈரச் சாக்கில் சுற்றினாள். கூடவே ஒரு டப்பா தீனி வைத்தாள்.

“இந்தக் கல்லைப் போடுங்க. தினம் ஒரு சிட்டிகை தீனி போடுங்க.”

“மீனே இல்ல. யாருக்கு?”

“போடுங்க, அண்ணாச்சி.”

வெறும் தொட்டிக்குத் தீனி போடுகிறவனை ஊர் என்ன சொல்லும்? நல்லவேளை, அந்த வீட்டுக்கு வருவதை ஊர் எப்போதோ நிறுத்தியிருந்தது.

பத்து நாளில் தண்ணீர் கலங்கி நாறியது. சோதனைக் குழாயில் மருந்துச் சொட்டு விட்டால் பச்சை. பச்சை என்றால் விஷம். லூர்தையா கடைக்கு ஓடினார்.

“ஒத்தை மீனாவது குடு.”

“தீனியை மதினி கையால எடுத்துத் தரச் சொல்லுங்க.”

டப்பா கட்டிலுக்குப் போனது. ரெஜினா சிட்டிகை எடுத்துக் கொடுப்பாள், அவர் போய்ப் போடுவார்.

இருபதாம் நாள் சாயங்காலம் ரெஜினா சொன்னாள்: “வந்துட்டாவ.”

“யாரு?”

“வெள்ளை வெள்ளையா, கூட்டமா. நம்ம வீட்டுக்கு இத்தனை பேர் வந்து எவ்வளவு நாளாச்சு.”

அவர் எழுந்து போய்த் தொட்டிக்குள் குனிந்து பார்த்தார். கல்லும் தண்ணீரும்தான். வலி மருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்று நினைத்து, சமையலறைக்குப் போய் அழுதார்.

அடுத்த வாரத்தில் சோதனைக் குழாயில் பச்சை வெளுத்து மஞ்சளானது. போடுகிற தீனியை யாரோ தீர்த்துக்கொண்டிருந்தார்கள். ரெஜினா அவர்களோடு மெல்லப் பேசினாள். நடுவில் சிரிக்கவும் செய்தாள். அதைக் கேட்கவே அவருக்குப் பயமாக இருந்தது.

முப்பத்து மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். முகம் தொட்டிப் பக்கம் திரும்பியிருந்தது. அதன்பின் டப்பாவை யாரும் திறக்கவில்லை.

நாற்பதாம் நாள் சாயங்காலம் கிளாடிஸ் வந்தாள். கையில் ஒரு பாலித்தீன் பை, அதில் ஒரே ஒரு மீன்.

லூர்தையா வாசலை மறித்து நின்றார். “இப்ப எதுக்கு? அன்னைக்கே ஒண்ணு குடுத்திருந்தா, செத்தாலும் நாலு நாள் பாத்திருப்பா. வெறும் தண்ணியப் பாத்துக்கிட்டே போனா என் பொண்டாட்டி.”

“மதினி எந்தப் பக்கம் தலை வெச்சுப் படுப்பாங்க?”

காட்டினார்.

“படுங்க.”

“என்ன பேச்சு இது?”

“படுங்க, அண்ணாச்சி.”

ஏழு நாளாக அவர் தொடாத கட்டில். தலையணையில் அவள் தேய்க்கும் எண்ணெயின் வாசனை இருந்தது. அதில் கன்னத்தை வைத்துத் திரும்பினார். ஜன்னல் வெயில் தொட்டிக்குப் பின்னாலிருந்து சாய்வாக வந்தது.

கண்ணாடி முழுக்க வெள்ளைத் தூசி.

தூசி நகர்ந்தது.

ஒவ்வொன்றுக்கும் கால் இருந்தது; கல்லோடு குடிவந்த பொடிப் பூச்சிகள். நூறா, ஆயிரமா, எண்ண முடியவில்லை. எல்லாம் கட்டிலைப் பார்த்த கண்ணாடியிலேயே அப்பிக்கொண்டிருந்தன.

லூர்தையா படுத்தபடியே கையை நீட்டினார்.

“ஏழு நாளா பட்டினி போட்டுட்டேனே. அந்த டப்பாவ எடு, தாயி.”