பின்வாசல் சங்கிலி

ருக்மணியின் வேலை போவதற்கு முன்னால் அவள் வாயிலிருந்து வந்தது ஒரு கேள்விதான். தையல் கூடத்தின் பின்வாசல் கதவை வேலை நேரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டுகிறீர்களே, தீப்பிடித்தால் இத்தனை பெண்களும் எந்த வழியாக ஓடுவது என்று கேட்டாள். அந்தப் பூட்டைப் போனில் படமும் எடுத்து வைத்திருந்தாள். துணி திருட்டுப் போகிறது, அதனால்தான் பூட்டு என்றார் மேனேஜர். மறு வாரம் நாளையிலிருந்து வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தப் பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் மேஜையிலேயே பாதி ஆயுளைக் கழித்தவள் அவள். வாசல் வரை வந்து வழியனுப்பக்கூட ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.

வேலை இல்லாத காலைப் பொழுதில் வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பிடிக்காமல், மைதானத்தில் சிலம்பம் சொல்லித்தரும் இசக்கியம்மாளிடம் போய்ச் சேர்ந்தாள். இசக்கியம்மாள் தென்காசிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்குப் பிழைக்க வந்தவள், ருக்மணியைவிட ரொம்பவே சின்னவள். ஆனால் கையில் கம்பு இருக்கும்வரை அவள்தான் ஆசான். பெரியவள் ஆசான் என்று கும்பிடுவாள், சின்னவள் அக்கா என்று கூப்பிட்டு அதட்டுவாள். மைதானத்தில் நடக்க வருகிறவர்களுக்கு இது தினமும் கிடைக்கிற ஓசி வேடிக்கை.

ருக்மணிக்குக் கம்பின் சத்தம் என்றால் உயிர். விர்ரென்று காற்று கிழியும்போது முதலாளியின் முகமே கிழிகிற மாதிரி இருக்கும். சத்தம் வந்தால் அடி விழுந்துவிட்டதாக நினைப்பது புதிதாகக் கம்பு பிடிக்கிற எல்லோருக்கும் உள்ள நோய்தான். ஆசான் அதுவரை அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஒரு நாள் காலையில் ருக்மணி வணக்கம் வைத்துவிட்டு, கம்புக்குப் பதிலாகப் போனை நீட்டினாள். ஃபேஸ்புக்கில் போடுவதற்கு எழுதி வைத்திருந்தாள். முதலாளி திருடன், வரி ஏய்க்கிறவன், வருகிற அதிகாரிக்கெல்லாம் லஞ்சம் கொடுக்கிறவன், கொலைகாரன் என்று நீளமாகப் போனது. நடுவில் எங்கேயோ ஒரு வரியில் கதவும் இருந்தது. படிக்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கும். எழுதியவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

பயமும் இருந்தது. அவளுக்கு முன்னால் வேலையை விட்டுப்போன கட்டிங் மாஸ்டர் சகாயம் இப்படித்தான் கண்டதையும் எழுதினான். வக்கீல் நோட்டீஸ் வந்தது. அரசல்புரசலாகக் கேட்டதை எல்லாம் கோர்ட்டில் எப்படி நிரூபிப்பது? மன்னிப்பு எழுதிக் கொடுத்து, போட்டதை மொத்தமாக அழித்தான். அதற்குப் பிறகு அவன் சொன்னதில் இருந்த நிஜத்தைக்கூட யாரும் நம்பவில்லை. இதையெல்லாம் ஆசானிடம் சொல்லிவிட்டு ருக்மணி கேட்டாள்.

"அதனால பொய்ப் பேர்ல போட்டுரலாம்னு இருக்கனுங்க. போடட்டுங்களா ஆசான்?"

"வணக்கம் வைக்காமக் களத்துல எறங்குவியளாக்கா?"

"அதெப்படிங்க முடியும்?"

"பெறகு இதுல மட்டும் எதுக்குப் பேர மறைச்சு ஒளியுதிய?"

ருக்மணிக்குச் சுருக்கென்றது. ஆசான் பையிலிருந்து எண்ணெயில் குழைத்த கரியை எடுத்துக் கம்பின் நுனியில் தடவினாள். அவள் ஊர்ப் போட்டிகளில் இதுதான் வழக்கம். யார் உடம்பில் எத்தனை கரி என்று பார்த்துத்தான் ஜெயித்தவரைச் சொல்வார்கள். சத்தத்துக்கு அங்கே மார்க் கிடையாது.

கரிக்கம்பை ருக்மணியிடம் கொடுத்துவிட்டு, வேறொரு கம்பிலும் கரி தடவித் தன் காலடியில் போட்டாள். வெள்ளைச் சட்டையும் வெறுங்கையுமாக எதிரில் வந்து நின்றாள். எழுதியதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே அடிக்கச் சொன்னாள்.

திருடன் என்று ஓங்கினாள் ருக்மணி. கம்பு மைதானமே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்திக்கொண்டு போனது. ஆசான் ஓர் அடி நகர்ந்தாள், அவ்வளவுதான். லஞ்சம் என்று சுழற்றினாள், அதுவும் காற்றோடு போயிற்று. கொலைகாரன் என்று உடம்பையே தூக்கி வீசினாள். கால் தடுமாறி விலா திறந்துகொண்டது. குனிந்து நிமிர்ந்த ஆசானின் கையில் கம்பு இருந்தது. பூப்போலத்தான் தொட்டாள். ருக்மணியின் விலாவில் வட்டமாகக் கரி ஒட்டியிருந்தது.

"சகாயத்துக்கு விழுந்த எடம் இதுதான்" என்றாள் ஆசான்.

ருக்மணிக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. அப்படியென்றால் வாயை மூடிக்கொண்டு இருக்கச் சொல்கிறாயா என்று கேட்கத் தோன்றியது. அதற்குள் ஆசான் கம்பைக் கீழே போட்டுவிட்டுப் பழைய இடத்திலேயே வந்து நின்றாள்.

"நீங்க கண்ணால பாத்தது எதுக்கா?"

ருக்மணி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். அந்தக் கதவு கண்முன் வந்தது. சங்கிலி வந்தது. பக்கத்து மேஜையில் இப்போதும் குனிந்து தைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் வந்தார்கள். அவள் கம்பை ஓங்கவில்லை.

"பின்வாசல்ல சங்கிலி போட்டுப் பூட்டியிருந்துச்சு. நான் பாத்தேன்."

சத்தமே இல்லாமல் ஒரு குத்து. ஆசானின் நெஞ்சுக்கு நேரே, வெள்ளைச் சட்டையில் கரி பளிச்சென்று விழுந்தது. ஆசான் குனிந்து அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"இது எந்தச் சோப்புக்கும் போவாதுக்கா."

அன்றைக்கே ருக்மணி எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கதவைப் பற்றிக் கேட்டதால் என்னை நீக்கினார்கள் என்று எழுதியதைப் பார்த்து, அந்தக் காரணத்தை அவர்கள் வாயால் சொன்னார்களா என்று கேட்டாள் ஆசான். சொல்லவில்லை. அப்படியானால் அதைப் படிக்கிறவர்கள் சொல்லிக்கொள்ளட்டும் என்றாள். கடைசியில் மிஞ்சியது கையகலம்தான். என் பெயர் ருக்மணி, இந்தக் கம்பெனியில் தரம் பார்த்தேன். தையல் கூடத்தின் பின்வாசல் கதவு வேலை நேரத்தில் பூட்டியிருந்தது. நான் பார்த்தேன், இதோ படம். தீப்பிடித்தால் எந்த வழியாக ஓடுவது என்று கேட்டேன். மறு வாரம் என்னை வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். உள்ளே இன்னும் பெண்கள் இருக்கிறார்கள்.

ஊர் முழுக்க அது சுற்றியது. நோட்டீஸும் வந்தது.

பதிவை அழித்து மன்னிப்புக் கேட்டால் விட்டுவிடுகிறோம், இல்லாவிட்டால் மானநஷ்ட வழக்கு என்றிருந்தது. இனி எந்தக் கம்பெனியின் படியும் ஏற முடியாது என்று வேண்டியவர்கள் பயமுறுத்தினார்கள். ருக்மணி நோட்டீஸை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள்.

"அழிச்சுரட்டுங்களா ஆசான்?"

"கதவு தெறந்துதான் கெடந்துச்சுன்னு அதுல எங்கயாவது எழுதியிருக்கா?"

ருக்மணி மேலிருந்து கீழ்வரை படித்தாள். கம்பெனியின் கௌரவம் இருந்தது, முதலாளியின் மன உளைச்சல் இருந்தது, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் இருந்தார்கள்.

"கதவுங்கற வார்த்தையே இல்லீங்க."

"சங்கிலி?"

"இன்னைக்கும் தொங்குதுன்னுதான் உள்ள இருக்கற புள்ளைக சொல்லுதுங்க." அவள் குரல் இறங்கியது. "நிசமாலுமே கேசு போட்டுட்டா என்னங்க பண்றது?"

ஆசான் கரிக்கம்பை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"போடட்டும்க்கா. கோர்ட்டுக்கு வரும்போது அந்தக் கதவையும் தூக்கிட்டுத்தான வரணும்."