ஆன்டெனா வயர் சுமந்த பாரம்

பொள்ளாச்சியில் நாச்சிமுத்து என்ற டிரைவரிடம் ஒரு வாடகைக் கார் இருந்தது. பத்து நாளைக்கு முன்புதான் அதற்கு எஃப்.சி. என்கிற தகுதிச் சோதனை முடிந்திருந்தது. எஃப்.சி.க்குப் போகும் வண்டிக்குப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று கொண்டுபோய் நிறுத்துவது அங்கே வழக்கம். நாச்சிமுத்து ஒரு படி மேலே போனார். டப்பாவில் மிச்சம் கிடந்த பெயிண்டை வீணாக்க மனம் வராமல், பாட்டு செட் உட்காரும் பொந்துக்குள்ளே கண்ணுக்கே தெரியாத இரும்புத் தகட்டுக்கும் இரண்டு கோட்டிங் கொடுத்தார். கையோடு ஒரு புதுப் பாட்டு செட்டையும் வாங்கித் தானே மாட்டிக்கொண்டார்.

செட்டின் முதுகுக்குப் பின்னால் ஒரு சின்னக் குடும்பம் இருந்தது. சிவப்பு வயர் கரண்ட் கொண்டுவரும். செட் அதைக் குடித்துவிட்டுப் பாடும். வந்த கரண்டைத் திரும்ப வண்டியின் இரும்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பது கறுப்பு வயரின் வேலை; எர்த்து என்பார்கள். காற்றில் வரும் ரேடியோப் பாட்டைப் பிடித்துத் தருவது ஆன்டெனா வயர். அதன் மேலுறையும் வண்டியின் இரும்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் வெளியே சொல்வது இடது கதவில் இருந்த ஸ்பீக்கர். அது பழசு. வலது கதவு ஸ்பீக்கர் போன வருஷமே வாயை மூடிவிட்டது.

செட் மாட்டிய அன்றே கறுப்பு வயர் ஆன்டெனா வயரிடம் கிசுகிசுத்தது.

“அண்ணே, என்னையப் பெயிண்டு மேல வெச்சு ஸ்குரூ முறுக்கிட்டாங்க. இரும்பு எனக்கு எட்டவே மாட்டேங்குது. வெளிய தெரிஞ்சா மானம் போயிரும். ரெண்டு நாளைக்கு என் வேலையையும் நீங்களே பாத்துக்கங்க.”

ஆன்டெனா வயருக்கு இளகிய மனசு. உடம்போ மெலிசு. பாட்டு சுமக்கப் பிறந்த உடம்பு அது, கரண்டு சுமக்க அல்ல. ஆனாலும், “அதுக்கென்ன தம்பி, நான் பாத்துக்கறேன்” என்றது. நல்லவன் என்று பேர் வாங்குவதில் அதற்குக் கொஞ்சம் ஆசையும் உண்டு. அதை மறைப்பானேன்?

அன்று முதல் தொல்லை ஆரம்பித்தது. இன்ஜின் ஓடும்போதெல்லாம் டைனமோவின் முனகலும் சேர்ந்து அந்த மெலிந்த உடம்பு வழியே ஏறிக்கொண்டது. ஆக்சிலேட்டரை மிதித்தால் பாட்டுக்கு நடுவே ‘ங்ஙொய்ய்’ என்று ஒரு இரைச்சல் எழும். இன்னும் மிதித்தால் இன்னும் உச்சத்துக்குப் போகும். அது வெளியே வந்ததோ ஸ்பீக்கரின் வாய் வழியாக.

“கெழட்டுச் சனியன், கத்துது பாரு” என்று நாச்சிமுத்து கதவைக் குத்துவார்.

“நானா கத்தறேன்? எனக்கு வர்றதத்தான நான் சொல்றேன்” என்று ஸ்பீக்கர் புலம்பும். சிவப்பு வயர் சிரிக்கும். கறுப்பு வயர் ஒன்றும் தெரியாததுபோல் இருக்கும். எல்லாம் தெரிந்த ஆன்டெனா வயரும் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் பத்து நாளானது.

பத்தாம் நாள் காலை, வண்டி ஷாஜகான் பாயின் எலக்ட்ரிக் கடை முன்னால் நின்றது.

“மத்தியானம் பழனிக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிட்டுப் போகோணுங்க பாய். இந்த எரைச்சலோட போனா வண்டியவிட்டு எறங்கிருவாங்க. அந்த ஸ்பீக்கரக் கழட்டிக் குப்பையில வீசிப் போட்டுட்டு வேற மாட்டுங்க.”

“சோதிச்சுப் பாத்துட்டுச் செய்வோமே, நாச்சிமுத்து.”

“இதுல சோதிக்க என்னங்க இருக்குது? சத்தம் அதுலதான வருது?”

பாய் தோளைக் குலுக்கிக்கொண்டு கதவுப் பலகையைப் பிரித்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது, செட் பாடிக்கொண்டிருந்தது. ஸ்பீக்கரின் நாலு ஸ்குரூவில் ஒன்று கழன்றது.

“யாராச்சும் சொல்லுங்களேன்! நான் என்ன தப்புப் பண்ணினேன்?” என்று ஸ்பீக்கர் அலறியது.

இரண்டாவது ஸ்குரூ கழன்றது. ஆன்டெனா வயர் கறுப்பு வயரின் பக்கம் திரும்பியது. “தம்பி, இனி என்னால முடியாது. விட்டுடப் போறேன்” என்றது.

“விட்டீங்கன்னா செட்டே செத்துரும்! பழி உங்க மேலதான் விழும். உங்களையும் சேத்துக் கழட்டி எறிவாங்க. பழசுதான, போனா போகட்டும்ணே” என்றது கறுப்பு வயர்.

மூன்றாவது ஸ்குரூ கழன்று பாயின் உள்ளங்கையில் விழுந்தது.

ஆன்டெனா வயர் கண்ணை இறுக மூடிக்கொண்டு, பற்றியிருந்த துளையிலிருந்து நழுவியது. பாட்டு நின்றது. இரைச்சல் நின்றது. செட்டின் விளக்கும் அணைந்தது.

“போச்சு! செட்டும் போச்சுங்களா?” என்று நாச்சிமுத்து தலையில் கை வைத்தார்.

பாய் பொந்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். தொங்கிய ஆன்டெனா வயரைத் திரும்பச் செருகினார். விளக்கு வந்தது. பிடுங்கினார். அணைந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“ஆன்டெனா கழண்டா ரேடியோ போகலாம்யா. செட்டு எதுக்குச் சாகுது? அப்ப எர்த்து வேலைய இதுதான் பாத்துட்டு இருந்திருக்கு.” கறுப்பு வயரின் ஸ்குரூவைக் கழற்றிப் பார்த்தார். “இந்தத் தகட்டுக்கு எவன்யா பெயிண்டு அடிச்சது?”

“மிச்சம் இருந்துச்சுங்க பாய்” என்றார் நாச்சிமுத்து, தரையைப் பார்த்தபடி.

பாய் உப்புத்தாள் போட்டுப் பெயிண்டைத் தேய்த்தார். வெள்ளையாக இரும்பு தெரிந்தது. கறுப்பு வயரை அதில் வைத்து முறுக்கி, ஆன்டெனாவைச் செருகி, ஸ்பீக்கரையும் திரும்ப மாட்டினார். ஆக்சிலேட்டரை எவ்வளவு மிதித்தும் பாட்டு மட்டுமே வந்தது. கறுப்பு வயர் முதல்முறையாகத் தன் வேலையைத் தானே பார்த்தது. நாச்சிமுத்து சந்தோஷமாகப் பழனிக்குக் கிளம்பினார்.

ஆன்டெனா வயர் ஸ்பீக்கரின் நன்றிக்காகக் காத்திருந்தது. உடுமலை தாண்டியும் அது வரவில்லை. பொறுக்க முடியாமல் தானே கேட்டது.

“நான் மட்டும் கையை விடலைன்னா இந்நேரம் நீங்க குப்பைல கெடந்திருப்பீங்க, தெரியுமில்ல?”

“தெரியும் தம்பி,” என்றது ஸ்பீக்கர். “பத்து நாளா அந்தக் கறுப்பு வயரைத் தாங்கினே. அத்தனை நாளும் குத்து வாங்கினது யாருன்னும் தெரியுமில்ல?”