அச்சாகாத சதவீதக் குறி

“எண் வருது டீச்சர். சதவீதக் குறி மட்டும் வரமாட்டேங்குது,” என்றார் தையல்நாயகி.

அவருக்கு ஐம்பத்தொரு வயது. ஏரி மதகில் வேலை. ஏரி எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று காட்டும் மின்பலகைக்கான நிரலை, சி என்ற கணினி மொழியில் அவரே எழுதியிருந்தார். மாலை வகுப்பில் அவருக்குச் சொல்லிக்கொடுத்த ஜெசிந்தாவுக்கு இருபத்தாறு.

“92ன்னு மொட்டையா நிக்குது. ஏரியே முப்பதடிதான். தொண்ணூத்திரண்டு அடியான்னு பயந்து, ஊரே மதகுக்கு வந்துட்டாங்க. நாளைக்கு இன்ஜினியர் பார்க்க வர்றார். சரியில்லைன்னா இந்த வேலையை வெளியாள்கிட்ட கொடுத்துடுவாங்க.”

ஜெசிந்தா திரையைப் பார்த்தார்.

“எழுந்திருங்க.”

தையல்நாயகி எழுந்தார்.

“ஏன்க்கா எழுந்தீங்க?”

“நீங்கதானே சொன்னீங்க.”

“நான் உங்களை எழச் சொல்லல. அந்தச் சொல்லைச் சும்மா சொல்லிப் பார்த்தேன்.”

“அது எனக்கு எப்படித் தெரியும்?”

ஜெசிந்தா திரைப் பக்கம் குனிந்தார். நிரலில் இருந்த முதல் சதவீதக் குறியை விரலால் தொட்டார்.

“இது என்ன செய்யுது?”

“எண்ணைக் கொண்டுவந்து இங்க வைன்னு மெஷினுக்குச் சொல்லுது.”

விரல் நகர்ந்து கடைசிக் குறியில் நின்றது.

“இது?”

“இது வெறும் குறி. அப்படியே அச்சானா போதும்.”

“மெஷினுக்கு எப்படித் தெரியும்?”

தையல்நாயகி நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேற்கோள் குறி அப்படியே அச்சாக, அதுக்கு முன்னால சாய்கோடு போடுவோமே, அதையும் போட்டுப் பார்த்தேன். கேக்கல.”

“இங்க கட்டளை போடுறது சாய்கோடா?”

“இல்ல. சதவீதக் குறிதான்... அப்போ, ‘இது வெறும் குறி’ன்னு அதைவெச்சேதான் சொல்லணும்.”



அவர் உட்கார்ந்தார். சாய்கோட்டை அழித்தார். கடைசிச் சதவீதக் குறிக்கு முன்னால் இன்னொரு சதவீதக் குறியைப் போட்டார். நிரலை ஓட்டினார்.

92%

மறுபடி ஓட்டினார். மூன்றாம் முறையும் ஓட்டினார். ஜெசிந்தா விளக்கை அணைக்காமல் காத்திருந்தார்.

மறுநாள் காலை, மதகருகே ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஜினியர் பலகையை நிமிர்ந்து பார்த்தார். கரையில் நின்ற விவசாயிகளும் பார்த்தார்கள்.

“தெளிவா இருக்கே. மத்த ஏரிக்கெல்லாம் இதையே வெச்சிடலாம். எந்தக் கம்பெனி எழுதினது?”

தையல்நாயகி கையிலிருந்த மதகுச் சாவியைக் கீழே வைத்தார்.

“கம்பெனி இல்ல சார். நான்.”