முன் சீட்டில் ஆவுடையப்பன்

"டீச்சர், நானும் ஊர் ஊரா சைக்கிள் மிதிச்சுப் பாத்துட்டேன். ஒருத்தர் காதுலயும் ஏற மாட்டுக்கு."

ஆவுடையப்பன் சைக்கிளைப் பள்ளி மைதானத்து வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, வந்த சூட்டோடு சொன்னார்.

ஜெபமணி டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

பாளையங்கோட்டையில் அவரை யாரும் குரு என்று அழைத்ததில்லை. பி.டி. டீச்சர் என்றால்தான் தெரியும். விசில் ஊதிய காலம் முடிந்து, பார்க்கின்சன் வந்து, வலது கை ஓயாமல் நடுங்கத் தொடங்கியபின் அவருக்கு வேறு மாணவர்கள் சேர்ந்தார்கள். எல்லாரும் அதே நோய்க்காரர்கள். காலையில் இந்த மைதானத்துக்கு வந்து சைக்கிளில் சுற்றுவார்கள்.

நாலு எட்டு நடக்கத் திணறுகிறவர்கள்கூடச் சைக்கிளில் ஏறினால் ஓட்டிவிடுவதை ஆவுடையப்பன் அங்கேதான் பார்த்தார். பார்த்த அன்றே டீச்சரிடம் சீடராகிவிட்டார். டீச்சரைவிட வயதில் மூத்தவர் என்பதெல்லாம் அப்போது அவருக்கு நினைவில் இல்லை.

அவருக்கு நோய் கிடையாது. அவர் மனைவி வடிவுக்கு உண்டு.

அவளுக்காகத்தான் இத்தனை ஓட்டமும். ஞாயிறுதோறும் மஞ்சள் சட்டை போட்ட ஒரு கூட்டத்தைச் சேர்த்துக்கொண்டு ஊர் ஊராகப் போவார். நோட்டீஸ் கொடுப்பார், மைக் பிடிப்பார், நோயாளிகளுக்கு ஓர் உடற்பயிற்சிக் கூடம் கட்ட உண்டியல் குலுக்குவார்.

"என்ன சொல்லுதாவ?" என்று கேட்டார் டீச்சர்.

"தொத்துமான்னு கேக்காவ. கை நடுங்குனா, காலையிலயே தண்ணி போட்டுட்டான்னு சொல்லுதாவ. மூஞ்சியில சிரிப்பு வரலைன்னா திமிருன்னு சொல்லுதாவ. எப்படி டீச்சர் இவங்களுக்குப் புரிய வைக்க?"

அந்நேரம் டீ வந்தது. டீச்சர் வலது கையாலேயே டம்ளரை எடுத்தார். டம்ளர் ஆடியது, டீ விளிம்பைத் தொட்டது. ஆவுடையப்பன் பாய்ந்து டம்ளரைப் பறித்துக்கொண்டார்.

"தாகமா அண்ணாச்சி?"

"இல்ல டீச்சர். சிந்திரும்னு..."

"அப்ப என் டீய எதுக்கு வாங்குனீங்க?"

அவர் அசடு வழியத் திருப்பிக் கொடுத்தார்.

டீச்சர் குடித்தார். கொஞ்சம் சட்டையில் சிந்தியது. மீதி வாய்க்குள் போனது.

"நல்ல டீ," என்றார்.

ஆவுடையப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டிலும் அவர் அப்படித்தான். வடிவுக்குத் தலை வாருவார், சோறு பிசைந்து ஊட்டுவார், அவள் டம்ளரை நோக்கிக் கை நீட்டுவதற்குள் தண்ணீர் அவள் வாயருகே வந்திருக்கும். அவருடைய மஞ்சள் சட்டையை அவள் மெல்ல மெல்ல மடித்து வைத்தால் அதையும் எடுத்துத் திரும்ப மடித்துவிடுவார். கண்ணுக்குள் வைத்துப் பார்க்கிற மனுஷன், குறை சொல்ல யாருக்கும் வாய் வராது.

"வடிவக்கா எப்படி இருக்காவ?"

அவர் முகம் வாடிப்போனது.

"பேச்சு நின்னு போச்சு டீச்சர். மொதல்ல மெதுவாப் பேசுனா. இப்ப என்ன கேட்டாலும் தலையத்தான் ஆட்டுதா. அவ குரலே மறந்துருமோன்னு இருக்கு. எனக்கு அதுதான் பயமே."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"வார ஞாயித்துக்கெழம எங்க போறீங்க?"

"நம்ம ஊருக்குள்ளயேதான். தெற்கு பஜார், முருகன்குறிச்சி, சமாதானபுரம், மகாராஜ நகர்..." பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒப்பித்தார்.

"உங்க வீடு மகாராஜ நகருக்குப் பின்னாடிதான?"

"ஆமா."

"அந்தத் தெரு?"

"அது சின்னத் தெரு டீச்சர். கூட்டமா சைக்கிள் போகாது."

"ஒண்ணு போகுமா?"

ஆவுடையப்பன் உதிர்ந்து கிடந்த வேப்பம்பழம் ஒன்றைக் காலால் உருட்டினார். பிறகு, வடிவு வெளியே வராத காரணத்தை டீச்சர் கேட்காமலே சொன்னார்.

வடிவின் அண்ணன் மகள் கல்யாணம். கோவில்பட்டியில். மண்டப வாசலில் சந்தனமும் கல்கண்டும் நீட்ட வடிவை நிறுத்தியிருந்தார்கள். அவளுக்குச் சந்தோஷம்தான், ஆனால் நோய் முகத்தைக் கட்டிப்போட்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார், "பொண்ணோட அத்தைக்கு இந்தச் சம்பந்தம் பிடிக்கல போல" என்று பேசிவிட்டார்கள். அண்ணன் வந்து, "சிரிச்ச மூஞ்சியா நின்னா என்ன கொறஞ்சா போயிருவ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார்.

"அன்னைக்குப் பந்தியில உக்காராம கூட்டிட்டு வந்துட்டேன் டீச்சர். அதுக்கப்புறம் எங்கயும் கூட்டிட்டுப் போகல. இன்னொருத்தர் வாயில அவ விழக் கூடாது."

"தெருவுல கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவர் குரல் தாழ்ந்தது.

"முழங்கால் வலின்னு."

டீச்சர் அவருடைய மஞ்சள் சட்டையைப் பார்த்தார். நெஞ்சில் பெரிய எழுத்தில் அச்சடித்திருந்தது: 'பார்க்கின்சனை மறைக்காதீர்கள்'.

சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட ஆவுடையப்பன் தாங்கியிருப்பார்.

"ஞாயித்துக்கெழம ஊர்வலம் உங்க வீட்டு வாசல்ல இருந்து கெளம்பட்டும்," என்றார் டீச்சர். "ஒத்த சைக்கிள் போதும்."

ஞாயிறு காலை அந்தச் சின்னத் தெருவுக்குள் டீச்சர் ஒரு நீளமான சைக்கிளை ஓட்டி வந்தார். இரண்டு சீட்டு, இரண்டு ஹேண்டில்பார். பின்சீட்டு காலியாக இருந்தது, முன்னும் பின்னும் பெடல்கள் ஒன்றாகவே சுழன்றன.

"இது என்ன டீச்சர், ஆள் இல்லாமலே பின் பெடல் சுத்துது?"

"முன்னயும் பின்னயும் சங்கிலியால கோத்திருக்கு அண்ணாச்சி. யாரு மிதிச்சாலும் ரெண்டும் சுத்தும். முன்னாடி நீங்க ஏறணும். வளைக்கதும் பிரேக்கும் உங்க பொறுப்பு."

"பின்னாடி?"

டீச்சர் வாசலைப் பார்த்தார். வடிவு வெளியே வந்துகொண்டிருந்தாள், மஞ்சள் சட்டையைச் சேலைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு. பொத்தான்கள் துளை மாறி மாட்டியிருந்தன. அவளே போட்டவை. ஆவுடையப்பனின் கை அவற்றைச் சரிசெய்யத் துடித்தது.

நிலைவாசலில் வடிவின் கால்கள் நின்றுவிட்டன. வாசல் வந்தால் அவளுக்கு அப்படித்தான், பாதம் தரையோடு ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பக்கத்து வீட்டு லட்சுமணத்தம்மாள் கோலமாவும் கையுமாக நிமிர்ந்தாள்.

ஆவுடையப்பன் ஓடிப்போய் வடிவின் கையைப் பிடித்து இழுத்தார். அவள் முன்னால் சாய்ந்தாளே தவிர, பாதம் வரவில்லை.

"விடுங்க அண்ணாச்சி."

"விழுந்துருவா டீச்சர்!"

"இழுத்தாத்தான் விழுவாவ. விடுங்க."

விட்டார். உயிரையே விட்டதுபோல் இருந்தது.

டீச்சர் வடிவின் அருகில் நின்று, அவள் பாதத்துக்கு முன்னால் தன் காலைக் குறுக்கே நீட்டினார். அந்தக் காலும் நடுங்கியது.

"இதத் தாண்டி வாங்கக்கா."

வடிவு தயங்கினாள். ஒருவர் காலைத் தாண்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள்.

"தாண்டுனா கோவிக்க மாட்டேன். மிதிச்சாத்தான் கோவிப்பேன்."

வடிவின் பாதம் எழும்பியது. தாண்டியது. மற்றப் பாதமும் தொடர்ந்து வந்தது.

லட்சுமணத்தம்மாள் கோலமாவை வைத்துவிட்டு அருகே வந்தாள்.

"முழங்கால் வலின்னாவளே?"

தெருவே ஆவுடையப்பனைப் பார்த்தது. எத்தனையோ ஊர்களில் மைக் பிடித்து முழங்கியவர் லட்சுமணத்தம்மாள் பக்கம் திரும்பினார்.

"இல்லக்கா," என்றார். "பார்க்கின்சன். மூஞ்சி சிரிக்காது, ஆனா இவ சிரிப்பா. நான்தான் மறைச்சிட்டேன்."

லட்சுமணத்தம்மாள் வடிவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு மாவு அப்பிய கையால் அவள் கன்னத்தை வழித்தாள்.

"இதச் சொல்லக் கூடாதா? நான் என்னமோ எம்மேல வருத்தம்னுல்லா நெனச்சிட்டு இருந்தேன்."

டீச்சர் பிடித்துக்கொள்ள, வடிவு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஆவுடையப்பன் முன்னால் ஏறினார்.

சைக்கிள் நகர்ந்தது.

அவர் மூச்சு வாங்க மிதித்தார். பின்னால் இருப்பவளுக்கு ஒரு துளிகூடச் சிரமம் வரக் கூடாது என்று, இரண்டு பேருக்கும் சேர்த்து மிதித்தார். தெருமுனை திரும்பியதும் மேட்டு ரோடு வந்தது. டீச்சர் ஆவுடையப்பனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

"அண்ணாச்சி, கால எடுங்க."

"மேடு டீச்சர்! நின்னுரும்!"

"எடுங்க."

சைக்கிள் நிற்கும், சாயும், வடிவு விழுவாள், ஊர் பார்க்கும். எல்லாம் ஒரு நொடியில் அவர் கண்முன் ஓடியது. ஆனாலும் டீச்சர் சொல்லிவிட்டாரே. கண்ணை மூடிக்கொள்ளத் தோன்றியது, முடியாது, ஹேண்டில்பார் கையில் இருந்தது.

காலைத் தூக்கினார்.

சைக்கிள் நிற்கவில்லை.

குனிந்து பார்த்தார். அவருடைய பெடல்கள், அவர் கால் படாமல், ஒரே சீராகச் சுழன்றுகொண்டிருந்தன. மேடு மெல்ல மெல்லப் பின்னால் போனது. ஆவுடையப்பன் காலை அந்தரத்தில் விரித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டே இருந்தார். கண்ணை நீர் மறைத்தது.

முதுகுக்குப் பின்னாலிருந்து, மெலிந்த, மூச்சு வாங்கும் ஒரு குரல் வந்தது.

"கால வைங்க. ரொம்பக் கனக்கீங்க."